பழைய தானுந்துகளுக்கு உலோக மினுப்பு வண்ணம் பூசுதல்

உலோக மினுப்பு வண்ணம் என்பது, மிக நுண்ணிய அலுமினியச் செதில்கள் கலந்த தானுந்து வண்ணம் ஆகும். பேச்சு வழக்கில் இது மெட்டாலிக் பெயிண்ட் எனப்படுகின்றது. இவ்வண்ணத்தை முதலில் மெல்லிய படலமாகத் தெளித்து, அதன்மேல் நிறமற்ற தெளிபூச்சு ஒன்றை இடுவது வழக்கம். லாக்கர் வகைத் தெளிபூச்சும் இதற்குப் பயன்படுகின்றது. பழைய தானுந்துகளைப் புதுப்பிக்க விரும்புவோர் சிலர் இப்பணியைத் தம் வீட்டு முற்றத்திலேயே செய்கின்றனர். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் உப்பிலியபுரம் போன்ற, நகரப் பணிமனைகளிலிருந்து தொலைவிலுள்ள ஊர்களில் இது செலவைக் குறைக்கும் வழியாகவும் உள்ளது.

பொதுவாக வண்ணம் குறைகளை மறைக்கும் என்று கருதப்படுகின்றது. உலோக மினுப்பு வண்ணத்தைப் பொறுத்தவரை இது பொருந்தாது. ஒளியைத் தெறிக்கும் பூச்சாதலால், அடியிலுள்ள சிறு பள்ளத்தையும் கீறலையும் இது வெளிக்காட்டிவிடும். அத்துடன், பளபளப்பைத் தரும் தெளிபூச்சே இப்பணியில் உடல்நலத்துக்கு மிகுந்த கேடு விளைவிக்கக்கூடிய பகுதியும் ஆகும்.

பூச்சின் அமைப்பு

தானுந்துப் பூச்சு பல அடுக்குகளால் ஆனது. உலோகத்தின்மேல் துருவைத் தடுக்கும் பிரைமர் எனப்படும் முன்பூச்சும், பள்ளங்களை நிரப்பும் பட்டியும், மேற்பரப்பைச் சமப்படுத்தும் நிரப்பு முன்பூச்சும் அமைகின்றன. இவற்றின்மேல் அடிநிறமும், இறுதியாகத் தெளிபூச்சும் இடப்படுகின்றன.

அடிநிறத்தின் தடிப்பு பொதுவாக 12 முதல் 20 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். தெளிபூச்சு 40 முதல் 60 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். மனிதத் தலைமுடி ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர் என்பதை நோக்க, நிறத்தைத் தரும் அடுக்கு எவ்வளவு மெல்லியது என்பது விளங்கும்.

அடிநிறத்திலுள்ள அலுமினியச் செதில்கள் தட்டையானவை. வண்ணம் உலரும்போது கரைப்பான் ஆவியாகிப் படலம் சுருங்குகின்றது. அப்போது செதில்கள் பரப்புக்கு இணையாகப் படிகின்றன. இதனால் நேராகப் பார்க்கும்போது வண்ணம் ஒளிர்ந்தும், சாய்வாகப் பார்க்கும்போது இருண்டும் தோன்றும். தானுந்தின் வளைவுகள் எடுப்பாகத் தெரிவதற்கு இவ்வேறுபாடே காரணம்.

செதில்கள் எவ்வாறு படிகின்றன என்பது தெளிக்கும் முறையைப் பொறுத்தது. ஒரே டப்பாவிலுள்ள வண்ணத்தையே மிகுந்த ஈரமாகத் தெளித்தால் நிறம் இருண்டும், உலர்வாகத் தெளித்தால் வெளிறியும் தோன்றும். காற்றழுத்தம், தெளிப்பானின் தூரம், தின்னரின் அளவு, வெப்பநிலை ஆகிய எல்லாம் நிறத்தை மாற்றுகின்றன. ஒரு கதவில் மட்டும் மெட்டாலிக் வண்ணத்தைச் சேர்த்துப் பொருத்துவது கடினமாக இருப்பதும் இதனாலேயே.

வரலாறு

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தானுந்துகளுக்கு எண்ணெய் வார்னிசு தூரிகையால் பூசப்பட்டது. ஒரு வண்டியின் பூச்சு முழுதும் உலர்ந்து முடியப் பல வாரங்கள் ஆயின. ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி தானுந்து 1914 முதல் 1925 வரை கருப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது.

1923 இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் டூக்கோ என்னும் நைட்ரோசெல்லுலோசு லாக்கரை அறிமுகப்படுத்தியது. செனரல் மோட்டார்சின் ஓக்லாந்து தானுந்துகளில் இது முதலில் பயன்பட்டது. வாரக்கணக்கான உலர்நேரம் மணிக்கணக்காகக் குறைந்தது. தெளிப்பான் கொண்டு பூசும் முறையும் இதனுடன் பரவியது. தெளிப்பு முறைத் தானுந்து வண்ணத்தை டூக்கோ என்றே குறிப்பிடும் வழக்கு இந்தியப் பணிமனைகளில் இடம்பெற்றது.

லாக்கர் என்னும் சொல்லின் வேர் இந்தியாவைச் சேர்ந்தது. அரக்குப் பூச்சிகள் சுரக்கும் அரக்கைக் குறிக்கும் வடமொழிச் சொல்லான லாட்சா என்பதிலிருந்து, பிற மொழிகள் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்றது அது. தானுந்து லாக்கரில் அரக்கு இல்லையெனினும் பெயர் நிலைத்துவிட்டது.

தொடக்கத்தில் மினுப்புக்காக மீன் செதிலிலிருந்து எடுக்கப்பட்ட பொருளும் பயன்பட்டது. பின்னர் அலுமினியச் செதில்கள் அவ்விடத்தைப் பெற்றன. அடிநிறம், தெளிபூச்சு என்னும் ஈரடுக்கு முறை 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் பரவலானது.

தமிழ்நாட்டுப் பழைய தானுந்துகள்

தமிழ்நாட்டில் புதுப்பிக்கப்படும் பழைய தானுந்துகளுள் மூன்று குறிப்பிடத்தக்கவை.

அம்பாசடர்: இந்துசுத்தான் மோட்டார்சு நிறுவனத்தால் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரிக்கப்பட்டது. 1957 முதல் 2014 வரை வெளிவந்தது. இதில் தனிச் சட்டகம் இல்லை; உடற்கூடே பாரத்தைத் தாங்குகின்றது. எனவே தரைத்தகட்டிலும் கதவடிகளிலும் உள்ள துருவை அகற்றாமல் வண்ணம் பூசுவது வண்டியின் உறுதியைப் பாதிக்கும்.

பிரீமியர் பத்மினி: இத்தாலியின் பியட் 1100 வகையைச் சேர்ந்தது. பிரீமியர் ஆட்டோமொபைல்சு நிறுவனத்தால் மும்பையில் தயாரிக்கப்பட்டது.

இசுட்டாண்டர்டு எரால்டு: சென்னையைச் சேர்ந்த இசுட்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்சு ஆஃப் இந்தியா நிறுவனத்தால் 1960களில் தயாரிக்கப்பட்டது. தனிச் சட்டகத்தின்மேல் உடற்பகுதிகள் மரையாணிகளால் பொருத்தப்பட்டவை. பகுதிகளைக் கழற்றித் தனித்தனியே பூசமுடிவதால் வீட்டில் வேலை செய்ய இது ஏற்றது. ஆயினும் கழற்றிய பகுதிகளை, வண்டியில் அவை நிற்கும் அதே நிலையில் நிறுத்தியே மெட்டாலிக் வண்ணம் தெளிக்கவேண்டும். கிடையாகக் கிடத்தித் தெளித்த கதவு, நிமிர்த்திப் பொருத்தியபின் வேறு நிறமாகத் தோன்றக்கூடும்.

உப்பிலியபுரம் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ளது. கொல்லிமலைக்கு அப்பாலுள்ள நாமக்கல் சுமையுந்துக் கூடு கட்டும் தொழிலுக்கும், கரூர் பேருந்துக் கூடு கட்டும் தொழிலுக்கும் பெயர்பெற்றவை. தகுதிச் சான்றுக்காக, அதாவது எஃப்.சி. காட்டுவதற்காக, வண்டிகளுக்கு வண்ணம் பூசுவது வழக்கமாதலால் இவ்வட்டாரத்தில் தேர்ந்த டிங்கர்களும் வண்ணம் பூசுவோரும் உள்ளனர். வீட்டில் வேலை செய்வோரும் தகடு ஒட்டும் வேலையை இவர்களிடம் ஒப்படைப்பது நன்று.

முன்னேற்பாடுகள்

பழைய பூச்சை அறிதல்

முதலில் பழைய பூச்சின் வகையை அறியவேண்டும். தின்னரில் நனைத்த பஞ்சால் மறைவான ஓரிடத்தில் தேய்த்துப் பார்ப்பது எளிய முறையாகும். வண்ணம் கரைந்து பஞ்சில் ஏறினால் அது லாக்கர். சுருங்கி எழும்பினால் எனாமல். மாற்றமின்றி இருந்தால் அது பெரும்பாலும் கடினமாக்கி கலந்த அல்லது சூட்டில் உலர்த்தப்பட்ட பூச்சு. எனாமலின்மேல் நேரடியாக லாக்கரைத் தெளித்தால் அதன் வலிய தின்னர் அடிப்பூச்சைச் சுருங்கச் செய்யும். வீட்டுக் கம்பிக்கதவுகளுக்குப் பூசும் ரெட் ஆக்சைடு பிரைமரை முன்பூச்சாகப் பயன்படுத்தினாலும் இதே விளைவு ஏற்படலாம்.

தகட்டின்மேல் சிறு காந்தத்தை நகர்த்திப் பார்த்தால் பழைய பட்டி தடிப்பாக உள்ள இடங்கள் தெரியவரும். அங்கு காந்தம் வலுவாக ஒட்டாது.

பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே உலர்நிலையில் தேய்க்காமல் நீர்விட்டுத் தேய்ப்பது நல்லது. தேய்த்த கழிவு நீர் காய்கறிப் பாத்திகளுக்கோ கிணற்றடிக்கோ செல்லவிடலாகாது.

துரு அகற்றலும் பட்டி பார்த்தலும்

குரோமியப் பட்டைகள், விளக்குகள், கைப்பிடிகள், கண்ணாடி ரப்பர்கள் ஆகியவற்றைக் கழற்றிவிடவேண்டும். நாடா ஒட்டி மறைப்பது எளிது எனினும், அந்த ஓரங்களிலேயே பூச்சு பின்னாளில் உரியத் தொடங்கும்.

துருவை வெறும் உலோகம் தெரியும்வரை நீக்கவேண்டும். ஓட்டை விழுந்த இடத்தில் பட்டியை அடைப்பது தீர்வாகாது. பட்டி நீரை உறிஞ்சும் தன்மையுடையது. பின்புறமிருந்து ஈரம் புகுந்து சில மாதங்களில் பூச்சு கொப்புளிக்கும். அவ்விடத்தை வெட்டிப் புதுத் தகடு ஒட்டவேண்டும்.

கடினமாக்கி கலந்த பாலியெசுட்டர் பட்டியை 2 அல்லது 3 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் இடவேண்டும். முதலில் 80 எண் உப்புத்தாளாலும் பின்னர் 180 எண் தாளாலும் தேய்க்கப்படுகின்றது. விரல்களால் தேய்த்தால் பரப்பு அலையாகும். எனவே தாளை மரக்கட்டையில் சுற்றித் தேய்ப்பது இன்றியமையாதது.

நிரப்பு முன்பூச்சு உலர்ந்தபின் அதன்மேல் கருப்பு வண்ணத்தை மென்தூறலாகத் தெளித்து, 320 அல்லது 400 எண் வாட்டர் பேப்பரால் தேய்ப்பர். கருப்பு எஞ்சி நிற்கும் இடம் பள்ளம் ஆகும். உலோகம் தெரிந்துவிடும் இடம் மேடு ஆகும். கண்ணுக்குப் புலப்படாத குறையை இம்முறை காட்டிவிடும். தனிநிற வண்ணத்துக்கு இத்துடன் முடிக்கலாம். மெட்டாலிக் வண்ணத்துக்கு 600 முதல் 800 எண் தாளால் மேலும் தேய்க்கவேண்டும். இல்லையெனில் கீறல்களில் செதில்கள் வரிசையாகப் படிந்து கோடுகளாகத் தெரியும்.

இடமும் பருவமும்

வீட்டில் பூசும்போது பருவம் தேர்வது முக்கியமானது. நைட்ரோசெல்லுலோசு லாக்கரின் கரைப்பான் விரைந்து ஆவியாவதால் பரப்பு குளிர்கின்றது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்நீராவி பரப்பில் நீராகப் படிந்து, வண்ணத்தை வெண்மையாக மங்கச் செய்கின்றது. ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழைக் காலம் ஏற்றதன்று.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். திருச்சிப் பகுதியில் ஆனி, ஆடி மாதங்களில் வீசும் மேல்காற்று புழுதியை எழுப்புவதால் அக்காலமும் தவிர்க்கப்படவேண்டும். கோடையில் தகடு சூடேறி, வண்ணத் துளிகள் பரப்பைச் சேருமுன்பே உலர்ந்து சொரசொரப்பாகும். அப்போது மெதுவாக உலரும் தின்னர் தேவைப்படும். பொங்கலுக்குப் பிந்தைய வாரங்கள் முதல் மார்ச்சு வரை, பனி நீங்கிய முற்பகல் நேரமே பொதுவாக ஏற்றது. அறுவடைக்காலமாயின் நெற்களத்துத் தூசு வரும் திசையையும் கவனிக்கவேண்டும்.

நேரடி வெயிலில் தெளிக்கலாகாது. தூசு அடங்க, முந்தைய நாளே தரையில் நீர் தெளித்து வைப்பது வழக்கம். தெளிக்கும் நேரத்தில் தரை ஈரம் உலர்ந்திருக்கவேண்டும். மரத்தடி நிழல் பூச்சிகளையும் பிசினையும் விழச்செய்யும் என்பதால் அது பொருத்தமற்றது.

அடிநிறம் தெளித்தல்

காற்றழுத்தியிலிருந்து வரும் காற்றில் நீரும் எண்ணெயும் கலந்திருக்கும். எனவே குழாயில் நீர்பிரிப்பான் பொருத்தவேண்டும். முன்பூச்சுக்கு 1.6 முதல் 1.8 மில்லிமீட்டர் வரையும், அடிநிறத்துக்கும் தெளிபூச்சுக்கும் 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டரும் உடைய நாசில் ஏற்றது.

அலுமினியச் செதில்கள் டப்பாவின் அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு முறை ஊற்றுமுன்னும் நன்கு கலக்கி, மெல்லிய வடிகட்டியால் வடிகட்டவேண்டும். வண்டி முழுமைக்கும் தேவையான வண்ணத்தை ஒரே பாத்திரத்தில் கலந்து வைப்பது நிறவேறுபாட்டைத் தவிர்க்கும். ஓர் அட்டையில் தெளித்து, தெளிபூச்சும் இட்டு, வெயிலிலும் நிழலிலும் நிறத்தைப் பார்த்தபின்னரே வண்டியைத் தொடவேண்டும்.

தெளிப்பானைப் பரப்பிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில், செங்குத்தாகப் பிடித்துச் சீரான வேகத்தில் நகர்த்தவேண்டும். மணிக்கட்டை வளைத்து வீசினால் நடுவில் தடிப்பும் ஓரங்களில் மெலிவும் ஏற்படும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதிக்கு மேற்பட்ட பகுதியை மூடிச் செல்லவேண்டும். 2 அல்லது 3 படலங்கள் போதுமானவை. படலங்களுக்கு இடையே கரைப்பான் பறந்து பரப்பு மங்கும்வரை காத்திருக்கவேண்டும்.

இறுதியில் தெளிப்பானை 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை பின்னிழுத்து, குறைந்த அழுத்தத்தில் ஒரு மென்தூறல் இடப்படுகின்றது. இது செதில்களைச் சீராகப் பரப்பித் திட்டுகளை நீக்கும்.

அடிநிறம் உலர்ந்தபின் மங்கலாகவே இருக்கும். அதைப் பளபளப்பாக்க எண்ணித் தேய்த்தல் கூடாது. தேய்த்தால் செதில்கள் அறுபட்டு அவ்விடம் வேறு நிறமாகும். தூசு விழுந்த இடத்தை மட்டும் மெல்லத் தேய்த்து, அங்கு மீண்டும் அடிநிறம் தெளிக்கலாம்.

தெளிபூச்சு

தெளிபூச்சு இருவகைப்படும்.

ஒருகூற்று லாக்கர்: கரைப்பான் ஆவியாவதால் மட்டும் உலர்வது. விரைந்து உலர்வதால் தூசு ஒட்டுவது குறைவு. பிழை நேர்ந்தால் திருத்துவதும் எளிது. ஆனால் ஒவ்வொரு படலமும் மெல்லியதாதலால் 4 முதல் 6 படலங்கள் தேவை. பெட்ரோல் சிந்தினால் பாதிப்புறும். வெயிலில் காலப்போக்கில் மங்கும்.

இருகூற்றுப் பூச்சு: டூ-கே என்று வழங்கப்படுவது. அக்ரிலிக் பிசினுடன் ஐசோசயனேட்டுக் கடினமாக்கி கலந்து வேதிவினையால் இறுகுவது. 2 படலங்களிலேயே ஆழ்ந்த பளபளப்பைத் தரும். பெட்ரோலையும் வெயிலையும் நன்கு தாங்கும். கலந்தபின் சில மணிநேரத்துக்குள் பயன்படுத்திவிடவேண்டும்.

தரத்தில் இரண்டாம் வகையே சிறந்தது. எனினும் கீழே கூறப்படும் காரணத்தால் அது வீட்டு முற்றத்துக்கு உரியதன்று. முன்பூச்சு முதல் தெளிபூச்சு வரை ஒரே தயாரிப்பாளரின் ஒத்திசையும் பொருட்களைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

தெளிபூச்சு நன்கு இறுகியபின் 1500 முதல் 2000 எண் வரையான வாட்டர் பேப்பரால் நீர்விட்டுத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டு கொண்டு மெருகேற்றப்படுகின்றது. லாக்கராயின் சில வாரங்கள் காத்திருப்பது நல்லது. விளிம்புகளில் பூச்சு மெல்லியதாதலால் அங்கு நாடா ஒட்டிக் காக்கவேண்டும். தெளிபூச்சைத் தாண்டி அடிநிறத்தைத் தேய்த்துவிட்டால், அப்பகுதி முழுவதையும் மீண்டும் பூசவேண்டிவரும்.

பொதுவான குறைகளும் காரணங்களும்

மீன்கண்: சிறு வட்டக் குழிகள். பரப்பில் எண்ணெய், மெழுகு அல்லது சிலிக்கோன் இருந்தமையால் வருவது.
ஆரஞ்சுத்தோல்: மேடுபள்ளமான பரப்பு. வண்ணம் கெட்டியாக இருத்தல் அல்லது அழுத்தம் குறைதல் காரணம்.
வழிதல்: ஓரிடத்தில் மிகையாகத் தெளித்தல், அல்லது இடைவெளியின்றி அடுத்த படலம் இடுதல்.
திட்டுகளும் புலிக்கோடுகளும்: மெட்டாலிக் வண்ணத்துக்கே உரியவை. மிகுந்த ஈரமும் சீரற்ற கைவேகமும் காரணங்கள்.
வெண்மங்கல்: ஈரக்காற்றில் லாக்கர் தெளித்தல்.
கொப்புளம்: அடியில் அடைபட்ட கரைப்பான், ஈரம் அல்லது துரு.

உடல்நலமும் தீப்பாதுகாப்பும்

இருகூற்றுப் பூச்சைத் தெளிக்கும்போது ஐசோசயனேட்டு கலந்த நுண்புகை உருவாகின்றது. இதை மூச்சில் இழுப்பது ஆசுத்துமாவை உண்டாக்கக்கூடும். பிரித்தானியாவில் தொழில்சார் ஆசுத்துமாவுக்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக இது அறியப்பட்டுள்ளது. ஒருமுறை உடல் இதற்குக் கூருணர்வு பெற்றுவிட்டால், பின்னர் மிகச்சிறிய அளவும் கடுமையான மூச்சுத்திணறலைத் தூண்டலாம். அதன்பின் அத்தொழிலையே கைவிட நேரும்.

கேடு தரும் அளவிலும் இதன் மணத்தை உணரமுடியாமற் போகலாம் என்பதே இதிலுள்ள பேரிடர். முகத்தில் கட்டும் துண்டோ, துணி முகமூடியோ இதைத் தடுக்காது. தூய காற்றைக் குழாய்வழி அளிக்கும் முகக்கவசமும், காற்று உறிஞ்சும் வசதியுள்ள தெளிப்பறையும் தேவை. தெளித்து முடித்தபின்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்புகை சிறிது நேரம் காற்றில் நிற்கும். திறந்த முற்றத்தில் தெளிக்கும்போது அண்டைவீட்டாரும் குழந்தைகளும் அதைச் சுவாசிக்க நேரிடும். ஆதலால் முன்னேற்பாடுகளையும் முன்பூச்சுத் தேய்ப்பையும் வீட்டில் முடித்து, இருகூற்றுப் பூச்சைத் தெளிப்பறை உள்ள பணிமனையில் இடுவதே ஏற்ற வழியாகும். நிரப்பு முன்பூச்சு சிலவற்றிலும் இதே கடினமாக்கி உள்ளதால் டப்பாவின் குறிப்பைப் படித்தறிதல் வேண்டும்.

ஒருகூற்று லாக்கரில் ஐசோசயனேட்டு இல்லை. ஆயினும் தின்னர் ஆவி மயக்கமும் தலைவலியும் தரும். காற்றோட்டமும், துகள்களைத் தடுக்கும் முன்வடிகட்டியுடன் கூடிய செயலூட்டிய கரி முகக்கவசமும், கண்ணாடியும், கையுறையும் தேவை.

தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவித் தொலைவிலுள்ள அடுப்பையோ பூசை விளக்கையோ மின்பொறியையோ அடைந்து தீப்பற்றக்கூடும். காற்றழுத்தியைத் தெளிக்கும் இடத்திலிருந்து விலக்கி வைக்கவேண்டும். நைட்ரோசெல்லுலோசு லாக்கரின் உலர்ந்த தூளும் எளிதில் எரியும். அதனைக் கூட்டி நீரில் நனைத்து அகற்றவேண்டும். பரப்பைப் பெட்ரோலால் துடைப்பது ஆபத்தானது. எஞ்சிய தின்னரைச் சாக்கடையிலோ வயலிலோ ஊற்றினால் கிணற்று நீர் மாசுபடும்.

மூல நிறமும் சட்டமும்

1960களின் இந்தியத் தானுந்துகள் பெரும்பாலும் தனிநிற வண்ணங்களிலேயே வெளிவந்தன. அவற்றுக்கு மெட்டாலிக் வண்ணம் பூசுவது அழகைக் கூட்டலாம். வரலாற்று உண்மையைக் குறைக்கும் என்பது பழந்தானுந்து ஆர்வலர் பலரின் கருத்து. மூல நிறத்தை அறிய, கையுறைப் பெட்டியின் பின்புறம், கதவு உறைகளின் உட்புறம் போன்ற வெயில்படாத இடங்களைத் தேய்த்துப் பார்க்கலாம். வண்ண அடுக்குகள் மரத்தின் ஆண்டு வளையங்கள் போல ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். வண்ணம் பூசுமுன் அவ்விடத்தைப் படமெடுத்து வைப்பதும், ஒரு சிறு பகுதியைத் தொடாமல் விடுவதும் வருங்காலத்தோர்க்குச் சான்றாக அமையும்.

பதிவுச் சான்றிதழில் வண்டியின் நிறமும் குறிக்கப்படுகின்றது. நிறத்தை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதனைப் பதிவு செய்யவேண்டும். 2021 இல் இந்திய அரசு 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மூல வடிவில் பேணப்படும் வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறையை அறிவித்தது. இவ்வகை வண்டிகளின் பதிவெண்ணில் விஏ என்னும் எழுத்துகள் இடம்பெறும். சட்டகம், உடற்கூடு, எந்திரம் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்பட்ட வண்டிகள் இதற்குத் தகுதி பெறா. எனவே துருவேறிய கூட்டைச் சீர்செய்யும்போது மூல வடிவத்தை மாற்றாதிருப்பது வண்ணத் தேர்வைவிட முதன்மையானது.

இவற்றையும் பார்க்க

அம்பாசடர் தானுந்து
அரக்கு
அலுமினியம்
ஆசுத்துமா
ஜீடி தானுந்து அருங்காட்சியகம், கோயம்புத்தூர்
துருப்பிடித்தல்
நைட்ரோசெல்லுலோசு